ஆறரை டிகிரி

நாகமணியின் வேலை நிரந்தரமாவதற்கு ஒரே ஒரு கையெழுத்துதான் பாக்கி இருந்தது. இந்த முறை தப்பாது என்று பள்ளிக்கூடத்தில் எல்லாரும் சொன்னார்கள். அவள் மட்டும் தலையை ஆட்டிவிட்டுப் பேச்சை மாற்றுவாள். ஏழு வருஷம் தற்காலிகமாகவே இருந்துவிட்டவளுக்கு எந்தக் காகிதமும் கைக்கு வந்து சேரும்வரை நம்பிக்கை பிறப்பதில்லை.

கோல சிலாங்கூருக்குப் போகிற பெரிய சாலையில், எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டம் முடிந்து தென்னை தொடங்குகிற இடத்தில் இருந்தது அந்த இடைநிலைப் பள்ளி. பின்கட்டில் வேதியியல் ஆய்வுக்கூடம். அதை ஒட்டி, ஒரு கட்டில் போட்டால் நிறைந்துவிடுகிற அளவில் ஓர் அறை. புட்டிகளும் தராசும் கழுவுதொட்டியும் இருந்த அந்த அறைதான் நாகமணியின் இடம். கரைசல் செய்வது, கண்ணாடிக் குழாய்களைக் கழுவுவது, எரிவாயுவைத் திறந்து மூடுவது, எது எத்தனை உடைந்தது என்று எழுதிவைப்பது எல்லாம் அவள் பொறுப்பு. பாடம் எடுப்பது மட்டும் வேறு ஆள்.

அவள் பிறந்தது ஏழாங்கட்டைத் தோட்டத்தில். அப்பா சன்னாசி ரப்பர் ஆலையில், ரப்பர்த் தாளை உலர்த்துகிற புகைக்கூட்டில் வேலை பார்த்தார். மூன்றாம் படிவம், அதாவது ஒன்பதாம் வகுப்பு, முடித்ததும் அதே ஆலையில், பால் சோதிக்கிற சின்ன அறையில் அவளைப் போட்டார்கள். மரத்தைக் கீறிப் பால் வெட்டுகிறவர்கள் கொண்டுவரும் ரப்பர்ப் பாலில் ஒரு குவளை எடுத்து, அமிலம் விட்டு உறையவைத்து, உருட்டிக் காயவைத்து, நூறில் எத்தனை பங்கு ரப்பர், எத்தனை பங்கு தண்ணீர் என்று அவள் சொல்ல வேண்டும்; அதை வைத்துத்தான் கூலி. மழை பெய்த மறுநாள் வாளியோடு நிற்கிறவர்களின் கண்ணெல்லாம் அவள் கையிலேயே இருக்கும். அந்தக் கைக்குத் தோட்டத்தில் நல்ல பெயர். பிறகு தோட்டம் ரப்பரைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டது. ஆலைக்குப் பூட்டு விழுந்தது. அடுத்த வருஷம், எழுபத்தெட்டில், பள்ளிக்கூடத்து ஆய்வுக்கூடத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, கழுவி இஸ்திரி போட்ட ஒரே புடவையைக் கட்டிக்கொண்டு போய் நின்றாள். எடுத்துக்கொண்டார்கள். தற்காலிகமாக.

யாரும் அவளுக்கு வேதியியல் சொல்லித்தரவில்லை. வகுப்பு இல்லாத நேரத்தில் பிள்ளைகள் விட்டுப்போன புத்தகங்களை எடுத்து வாசிப்பாள். மலாய் சொல்லில் தடுக்கினால் படத்தைப் பார்ப்பாள். அப்படித்தான் அணுவும் அவளுக்குப் பிடிபட்டது. நடுவில் ஒரு கரு, சுற்றிலும் வட்டம் வட்டமாக எலெக்ட்ரான். கருவை ஒட்டி இருப்பவற்றை அசைக்க முடியாது. வெளி வட்டத்தில் இருப்பவைதான் ஒன்று போகும், இல்லை ஒன்று வரும். போக்குவரத்தெல்லாம் வெளி வாசலில்தான் என்று தெரிந்தபோது அவளுக்குச் சிரிப்பாக வந்தது. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்திலும் அதே கதைதானே. கம்பியை வளைத்து, விளையாட்டுத் திடலோரத்து மரத்தடியில் பொறுக்கிய மஞ்சாடி விதைகளை ஒட்டி, துத்தநாக அணு ஒன்று செய்தாள். உள்ளே இரண்டு, பிறகு எட்டு, பிறகு பதினெட்டு, வெளியே இரண்டு. முப்பது சிவப்பு விதை. புது வேதியியல் ஆசிரியர் தனபாலன் அதை வாங்கிச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அக்கா, இதை நான் வகுப்புக்கு எடுத்துக்கிட்டுப் போறேன்" என்றார். அதற்குப் பிறகு அது வகுப்பிலேயே தொங்கியது.

தனபாலன் செரண்டா ஊர்க்காரர். பல்கலைக்கழகம் முடித்து நேராக இங்கே வந்தவர். வயது இருபத்தேழு, நாகமணியைவிட ஐந்தாறு வயது இளையவர். எதையும் இரண்டு தடவை சரிபார்த்துத்தான் கையெழுத்துப் போடுவார். அவர் மோட்டார்சைக்கிளைப் பூட்டிவிட்டு நாலு எட்டு போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பதைப் பிள்ளைகள் நடித்துக் காட்டுவார்கள். நல்ல மனுஷர். நல்ல மனுஷர் என்பதால்தான் அந்தத் திங்கட்கிழமை நாகமணிக்கு அவ்வளவு பயமாகப் போய்விட்டது.

அது எண்பத்தைந்தாம் வருஷம், ஆகஸ்ட் மாதக் கடைசி. ஐந்தாம் படிவத்துக்கு முன்னோட்டத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. அன்று வேதியியல் செய்முறையில் ஒரே ஒரு சோதனைதான் கேட்டிருந்தார்கள். செம்பு அடங்கிய நீலக் கல்லான மயில்துத்தத்தைக் கரைத்த நீல நீரை ஒரு கோப்பையில் அளந்து ஊற்ற வேண்டும். அதன் வெப்பத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். துத்தநாகத் தூளைப் போட்டுக் கலக்க வேண்டும். நீரில் கரைந்திருக்கிற செம்புக்கு இரண்டு எலெக்ட்ரான் குறை. துத்தநாகம் தன் வெளி வட்டத்து இரண்டையும் அதற்குக் கொடுத்துவிட்டுத் தான் கரைந்துபோகும். செம்பு சிவப்புப் பொடியாக அடியில் இறங்கும். இந்தக் கொடுக்கல் வாங்கலில் மிச்சப்படுகிற ஆற்றல் சூடாக வெளியே வரும். பாதரசம் எத்தனை டிகிரி ஏறுகிறது என்று பார்த்து, அதிலிருந்து என்தால்பி மாற்றத்தைக் கணக்குப் போட வேண்டும். அவர்கள் எடுத்துக்கொண்ட அளவுக்குப் பத்து டிகிரி ஏற வேண்டும். கொஞ்சம் முன்னே பின்னே போனால் ஒன்பது.

தேர்வு நேரத்தில் பாட ஆசிரியர் உள்ளே நிற்கக் கூடாது என்று பள்ளியில் ஒரு பழக்கம். புவியியல் டீச்சர் காவலுக்கு உட்கார்ந்திருந்தார். நாகமணி தன் அறையில், கதவை மூடிக்கொண்டு, அடுத்த வகுப்புக்குக் குடுவை கழுவிக்கொண்டிருந்தாள்.

பள்ளி விட்டதும் தனபாலன் விடைத்தாள் கட்டோடு வந்தார். உட்காரவில்லை.

"நாகமணி, வெள்ளிக்கிழம கரைசல் செஞ்சீங்கல்ல. எவ்வளவு போட்டீங்க?"

அக்கா என்று வரவில்லை. அதிலேயே அவளுக்குப் பாதி புரிந்துவிட்டது.

"நூறு கிராம், சார். ரெண்டு லிட்டருக்கு நூறு."

"நீலக் கல்லுதானே?"

"நீலந்தான். வெள்ளத் தூள் நம்மகிட்ட ஒரு ஸ்பூன்கூட இல்லையே."

"கணக்கு எப்படிப் போட்டீங்க? உள்ள இருக்கிற தண்ணியையும் சேர்த்தா, சேர்க்காமலா?"

"சேர்த்துத்தான் சார். எப்பவும் சேர்த்துத்தானே."

தனபாலன் தாள்களை மேசையில் விரித்தார். ஆறரை. ஆறு. ஏழு. ஆறரை. ஆறரை. "முப்பத்திரண்டு பேரு. ஒருத்தன்கூட எட்டைத் தொடல. நல்லாப் படிக்கிறவனும் ஆறு, படிக்காதவனும் ஆறு. இத்தனை பேரும் ஒரே மாதிரி தப்புப் பண்ண முடியுமா?"

நாகமணி தாள்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள்.

அவர் ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினார். மயில்துத்தக் கல்லுக்குள் தண்ணீரும் கட்டுண்டு கிடக்கிறது; சூடாக்கினால் தண்ணீர் போய்க் கல் வெளுத்துவிடும். எடை போடும்போது அந்தத் தண்ணீரையும் சேர்த்துத்தான் நூறு கிராம். சேர்க்காமல் போட்டால் அறுபத்து நாலு கிராம். "அறுபத்து நாலைப் போட்டா எத்தனை டிகிரி ஏறும்னு நீங்களே பாருங்க. ஆறு புள்ளி நாலு. அச்சு மாதிரி வருது."

அச்சு மாதிரிதான் வந்தது. அவள் அந்தத் துண்டுக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"பதிவேட்டுல நூறுன்னு எழுதியிருக்கேன் சார்."

"எழுத வேண்டியதத்தான் எழுதுவோம். போட்டது எவ்வளவுன்னு பதிவேட்டுக்குத் தெரியாதே." குரலை உயர்த்தவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. "உங்கள நிரந்தரமாக்குற விண்ணப்பப் பாரம் என் மேசையில இருக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள மாவட்ட அலுவலகம் போயாகணும். அதுல 'வேலையில் கவனம்'னு ஒரு கட்டம். நான் என்னத்த எழுதட்டும், சொல்லுங்க. அசல் தேர்வுல இப்படி ஆனா பிள்ளைங்க கதி என்ன?"

"நீங்க பாத்தத எழுதுங்க சார்" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் அதன் கனம் தெரிந்தது. ஆசிரியர் பரிந்துரை இல்லாவிட்டால் தற்காலிக வேலையும் டிசம்பரோடு முடிந்தது. புது ஆள் எடுப்பார்கள். முப்பத்துமூன்று வயதில், மூன்றாம் படிவத்தை வைத்துக்கொண்டு, அவள் செம்பனைக் காட்டுக்குத்தான் திரும்ப வேண்டும். உதிர்ந்த பழம் பொறுக்க.

சாயங்காலம் வீட்டில் சோமுவிடம் சொன்னாள். சோமு அவள் புருஷன். செம்பனைக் குலை ஏற்றுகிற லோரி ஓட்டுகிறவன். காலைக் கழுவிக்கொண்டே கேட்டான்.

"பத்து ஏற வேண்டியது ஆறுதான் ஏறிச்சு. அவ்வளவுதானே? காய்ச்சல்னா நல்ல செய்திலா."

"விளையாடாதீங்க."

"சரி, விளையாடல. நீ நூறு போட்டியா, இல்லையா?"

"போட்டேன்."

"பின்ன என்ன?"

பின்ன என்ன என்றுதான் அவளுக்கும் தெரியவில்லை. வெள்ளிக்கிழமையை மனசுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். தராசில் ஐம்பது ஐம்பதாக இரண்டு படிக்கல் வைத்தது ஞாபகம் இருந்தது. ஆனால் அது இந்த வெள்ளிக்கிழமையா, போன மாதமா? நிறுத்துக்கொண்டிருக்கும்போது நான்காம் படிவப் பிள்ளை ஒன்று வந்து தீக்குச்சி கேட்டது. எழுந்து கொடுத்தாள். திரும்பி வந்து எங்கே விட்டாளோ அங்கே தொடர்ந்தாளா? அந்தக் கை அவளை ஒருநாளும் ஏமாற்றியதில்லை. இருந்தாலும் கணக்கு அவ்வளவு பொருத்தமாக வந்து நிற்கும்போது, சொந்தக் கை மேலேயே சந்தேகம் வந்துவிடுகிறது.

செவ்வாய்க்கிழமை காலையில், மணி அடிப்பதற்கு முன்பே ஆய்வுக்கூடத்தைத் திறந்தாள். தேர்வில் மிஞ்சிய கரைசல் புட்டியில் பாதிக்கு மேல் இருந்தது. லேசான இரண்டு பாலிஸ்டிரீன் நுரைக் கோப்பைகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, இருபத்தைந்து மில்லி அளந்து ஊற்றினாள். இருபத்தெட்டு டிகிரி. துத்தநாகத்தைப் போட்டுக் கண்ணாடிக் குச்சியால் கலக்கினாள். நீலம் வெளுக்க வெளுக்கப் பாதரசம் மேலே போனது. முப்பத்துமூன்று. முப்பத்தாறு. முப்பத்தேழரை. முப்பத்தெட்டுக்கு ஒரு மயிரிழை கீழே போய் நின்றது.

பத்து.

மறுபடி செய்தாள். மறுபடியும் பத்துதான். கோப்பையைக் கையில் பிடித்தபடி கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். நுரைக் கோப்பையைத் தாண்டி அந்தச் சூடு கையில் உறைக்கவில்லை. ஆனால் உள்ளே இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. கரைசலில் குறையில்லை. கை ஏமாற்றவில்லை.

வேகமாகப் போய் ஆசிரியர் அறை வாசலில் தனபாலனைப் பிடித்தாள்.

"சார், மிஞ்சின கரைசல்ல செஞ்சு பாத்தேன். பத்து வருது. ரெண்டு தடவை."

அவர் முகம் மலர்ந்து, உடனே சுருங்கியது.

"எப்ப செஞ்சீங்க?"

"இப்பத்தான்."

"பக்கத்துல யாராச்சும் இருந்தாங்களா?"

"யாரும் இல்ல சார்."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். ஒரு புட்டியில் இன்னொரு பிடி நீலக் கல்லைப் போட்டுக் கலக்க எவ்வளவு நேரமாகும் என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. நாகமணிக்கே முகம் சுட்டது. தோட்டத்தில் பால் சோதிக்கிறபோது அவள் கட்டிக்காத்த சட்டமே அதுதான். வாளிக்குச் சொந்தக்காரர் தானே சோதித்துக்கொண்டு வந்து சொல்லும் கணக்கு செல்லாது. வேறு ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். எத்தனையோ பேரை அவளே அப்படித் திருப்பி அனுப்பியிருக்கிறாள். அவசரத்தில் அதை மறந்துவிட்டுப் போய் நின்றது எவ்வளவு பெரிய முட்டாள்தனம்.

"நான் உங்கள ஒன்னும் சொல்லல…" என்று இழுத்தார் தனபாலன்.

"நீங்க சொல்லல சார். நான்தான் தப்புப் பண்ணிட்டேன். ஒரு உதவி செய்வீங்களா? நீலக் கல்லை நீங்களே நிறுங்க. நீங்களே கரைங்க. சாவியையும் நீங்களே வச்சுக்குங்க. அதே பிள்ளைங்கள இன்னொரு தடவை செய்யச் சொல்லுங்க. நான் புட்டியத் தொடவே மாட்டேன்."

தனபாலன் யோசித்தார். பிறகு, "வியாழக்கிழம ரெண்டு பாடவேளை இருக்கு" என்றார். "செஞ்சு பாத்துடுவோம்."

புதன்கிழமை மத்தியானம் அவர் வந்து நிறுத்தார். ஐம்பது, ஐம்பது. இரண்டு தடவை சரிபார்த்தார். கரைத்தார். மூடி மேல் காகிதம் ஒட்டிக் கையெழுத்துப் போட்டார். அலமாரியைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நாலு எட்டு போனவர், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்த்தார். நாகமணி கையைக் கட்டிக்கொண்டு கதவோரமாக நின்று பார்த்தாள்.

வியாழக்கிழமை முப்பத்திரண்டு பேரும் முனகிக்கொண்டே வந்தார்கள்.

"சார், ஒரு தடவை செத்தது பத்தாதா?" என்றான் கார்த்திகேசு. தோட்டத்துப் பையன், வாய் கொஞ்சம் நீளம்.

"மார்க் கூடினா வேணாம்னு சொல்லுவியா?"

"கூடினாச் சரி சார். இன்னும் குறைஞ்சா எங்கப்பாகிட்ட நீங்கதான் வந்து பேசணும்."

தேர்வில் எது எதை வைத்தாளோ அதையே நாகமணி ஒவ்வொரு மேசையிலும் வைத்தாள். ஆளுக்கு ஒரு தெர்மாமீட்டர், ஓர் அளவுக் குடுவை, பொட்டலமாகத் துத்தநாகம், இரண்டு நுரைக் கோப்பை. எல்லாம் தனபாலன் எழுதிக்கொடுத்த பட்டியல்படி. கோப்பை இரண்டு எதற்கென்றால் சூடு வெளியே போகாமல் இருக்க, ஒன்றுக்குள் ஒன்றைச் செருக. இந்தச் சோதனையைப் பிள்ளைகள் இதுவரை சொந்தக் கையால் செய்ததில்லை. துத்தநாகத் தூள் பற்றாக்குறை என்று போன வருஷம் சாரே முன்னால் நின்று ஒரு தடவை செய்து காட்டியதோடு சரி.

தனபாலன் தன் கையால் கரைசலை ஊற்றிக்கொண்டே போனார். ஊற்றி முடித்துக் கரும்பலகைப் பக்கம் திரும்பி, அளவுகளை எழுதக் கட்டம் போட ஆரம்பித்தார். நாகமணி தன் அறைக் கதவைத் திறந்துவைத்து வாசலில் நின்றாள். ஏழு வருஷத்தில், பிள்ளைகள் செய்முறை செய்வதை இப்படி முதலிலிருந்து நின்று பார்ப்பது இதுதான் முதல் தடவை. எப்போதும் அவளுக்கு உள்ளே கழுவ ஏதாவது இருக்கும்.

முன்வரிசையில் சல்மா. கடைத்தெருவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஜெய்னுலாப்தீனின் மகள். சல்மா துத்தநாகப் பொட்டலத்தைப் பிரித்து நீல நீரில் தட்டினாள். காலிக் கோப்பையை இடது கையில் எடுத்தாள். நீலக் கோப்பையை வலது கையில் உயர்த்தினாள். ஒரு சொட்டுச் சிந்தாமல், ஒரு முழம் உயரத்திலிருந்து, இதிலிருந்து அதற்கு ஊற்றினாள். அதிலிருந்து இதற்கு. மறுபடியும்.

நாகமணி பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் அவளுக்கு வித்தியாசமாக ஒன்றுமே படவில்லை. கலக்குவது என்றால் அப்படித்தானே. கண் பக்கத்து மேசைக்குப் போனது. அங்கே கார்த்திகேசு ஊற்றிக்கொண்டிருந்தான். அதற்கடுத்து ரஹ்மத். பின்வரிசையில் ஒரு சீனப் பையன், தோள் உயரத்துக்குக் கையைத் தூக்கிப் பந்தாவாக ஊற்றிக்கொண்டிருந்தான். மலாய்ப் பிள்ளைகள் இரண்டு பேர் யாருடைய நீர்க்கயிறு நீளம் என்று போட்டியே போட்டுக்கொண்டிருந்தார்கள். அறை முழுக்க முப்பத்திரண்டு நீலக் கயிறுகள் தொங்கின, அறுந்தன, மறுபடி தொங்கின. காலை வெயில் சன்னல் வழியாக வந்து அவற்றின் மேல் விழுந்தபோது பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது.

அந்த அழகில்தான் அவளுக்கு உறைத்தது. தேநீரை இப்படி ஆற்றுவது எதற்கு? கலக்கவும்தான். குடிக்கிற சூட்டுக்குக் கொண்டுவரவும்தான்.

தனபாலன் கட்டம் போட்டு முடித்துத் திரும்பி, முதல் மேசைத் தெர்மாமீட்டரைக் குனிந்து பார்த்தார். அடுத்த மேசைக்குப் போனார். அதற்கடுத்த மேசைக்கு. அவர் நிமிர்ந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை.

"ஆறரை" என்றார், நாகமணியைப் பார்த்து. யாரிடமோ மன்னிப்புக் கேட்கிற மாதிரி இருந்தது குரல். "நானே நிறுத்தது. ரெண்டு தடவை பாத்தேன். ஆறரை."

நாகமணியால் சிரிப்பை அடக்க முடியவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"சார், கரைசல்ல ஒன்னும் இல்ல. உங்க கரைசலும் சரி, என் கரைசலும் சரி. பிள்ளைங்களப் பாருங்க."

அவர் பார்த்தார். "என்ன?"

"கையப் பாருங்க சார், கைய."

மறுபடி பார்த்தார். அவரும் தேநீர் குடித்து வளர்ந்தவர்தானே; கண்ணில் படவில்லை. பின்வரிசைச் சீனப் பையன் இன்னும் ஒரு முறை தோளுயரத்திலிருந்து ஊற்றினான். கயிறு நீளமாக இறங்கி, கோப்பைக்குள் சத்தமில்லாமல் அடங்கியது. அப்போதுதான் தனபாலனின் வாய் மெல்லத் திறந்தது. பக்கத்தில் இருந்த முக்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"சல்மா, உன்ன யாரும்மா இப்படிக் கலக்கச் சொன்னா?"

சல்மா எழுந்து நின்றாள். "யாரும் சொல்லல சார். கேள்வித்தாள்ல தெர்மாமீட்டரால கலக்குன்னு போட்டிருந்துச்சு. அக்கா தெர்மாமீட்டரால கலக்கினா கையை ஒடிச்சிடுவேன்னு சொல்லியிருக்காங்க. ரெண்டு கோப்பை வேற குடுத்திருந்தாங்க."

"ரெண்டும் ஒன்னுக்குள்ள ஒன்னு போடுறதுக்கு."

"அது எனக்கு எப்படி சார் தெரியும்? ரெண்டு கோப்பை கையில குடுத்தா எங்க அத்தா கடையில வேற எதுக்காம்?"

"அவ ஆத்தினா, சார்" என்றான் கார்த்திகேசு. "நாங்க பாத்தோம். கடைக்காரர் வீட்டுப் பொண்ணு, தெரியாமலா செய்வான்னு நாங்களும் ஆத்தினோம். நுரை வரலையேன்னு மட்டும் எனக்கு ஒரு சந்தேகம் இருந்துச்சு."

வகுப்பே சிரித்தது. சல்மா கார்த்திகேசுவைப் பார்த்துப் பல்லைக் கடித்தாள். தனபாலன் சிரிக்கவில்லை, ஆனால் தோள் குலுங்கியது.

நாகமணி முன்னால் வந்தாள். "சார், இதுல என் பங்கும் இருக்கு. போன வருஷம் பதினொரு தெர்மாமீட்டர் ஒடஞ்சிச்சு, இதுங்க கரண்டி மாதிரி போட்டுக் கலக்கி. அதனாலதான் மிரட்டி வச்சேன். அப்ப கண்ணாடிக் குச்சியாச்சும் வச்சிருக்கணும். பட்டியல்ல இல்லைன்னு நானும் விட்டுட்டேன்."

"பட்டியல் எழுதினது நான்தானே" என்றார் தனபாலன்.

கண்ணாடிக் குச்சிகளும் புதுத் துத்தநாகப் பொட்டலங்களும் வந்தன. கழுவிய கோப்பைகள் ஒன்றுக்குள் ஒன்று போயின. புட்டியில் மிச்சமிருந்த கரைசலைத் தனபாலன் மறுபடி ஊற்றினார். இந்த முறை யாரும் பேசவில்லை. முப்பத்திரண்டு தலையும் பாதரசத்தின் மேல் கவிந்திருந்தது. சல்மாதான் முதலில் சொன்னாள். "ஒன்பதரை, சார்." பின்னால் இருந்து ஒரு குரல், பத்து. இன்னொன்று, பத்து. ஒன்பதரை. பத்து. மேசைக்கு மேசை எண்கள் எழுந்து வர, நாகமணி சுவரில் சாய்ந்துகொண்டாள். நான்கு நாளாக நெஞ்சுக்குள் எதையோ இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறோம் என்பது, அது விட்டுப்போனபோதுதான் தெரிந்தது.

பிள்ளைகள் போன பிறகு தனபாலன் போகவில்லை. பையிலிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்து, மேசையில் ஈரமில்லாத ஒரு மூலையைத் துடைத்து, அதில் பாரத்தை விரித்தார். 'வேலையில் கவனம்' என்ற கட்டத்தில் பென்சிலால் ஏதோ எழுதியிருந்தது. என்ன எழுதியிருந்தது என்று நாகமணி பார்க்க விரும்பவில்லை. கழுவுதொட்டிப் பக்கம் திரும்பிக் குழாயைத் திறந்தாள். பென்சில் எழுத்தை ரப்பரால் அழிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. ரொம்ப நேரம் தேய்த்தார்.

"அக்கா."

குழாயை மூடினாள்.

"திங்கட்கிழம நான் பேசினது…"

"விடுங்க சார். கணக்கு அப்படி வந்து நின்னுச்சு. நானே என்னை நம்பலையே, நீங்க எப்படி நம்புவீங்க?"

"ஆறு புள்ளி நாலு" என்று அவர் தலையை ஆட்டிக்கொண்டார். "இவ்வளவு சரியா வந்தா, அது சரியாத்தான் இருக்கும்னு நெனச்சுட்டேன். வகுப்புக்குள்ள வந்து நின்னு பாக்கணும்னு தோணல."

"எனக்கும்தான் தோணல. ஏழு வருஷமா அந்தக் கதவுக்குப் பின்னாலதான் இருக்கேன்."

அவர் பேனாவைத் திறந்தார். எழுதும்போது ஒவ்வொரு சொல்லையும் மெல்ல வாய்விட்டுச் சொன்னார், அவள் கேட்க வேண்டும் என்றே சொல்வதுபோல. மிக நன்று. நிரந்தரமாக்கப் பரிந்துரைக்கிறேன். கையெழுத்துப் போட்டார். தேதி போட்டார். வழக்கம்போல் மறுபடி ஒரு தடவை படித்துப் பார்த்தார். பிறகு உறையில் போட்டு ஒட்டி, "இத நான் கொண்டுபோனா மறந்துடுவேன். நீங்களே அலுவலகத்துல குடுத்திடுங்கக்கா" என்றார். மறக்கிற ஆள் அவர் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

நாகமணி கையை முந்தானையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு உறையை வாங்கினாள். திடலைச் சுற்றிப் போகாமல் குறுக்கே நடந்தாள். அலுவலகத்தில் எழுத்தர் இராஜம்மா மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்துவிட்டு, உறையை வாங்கி முத்திரை குத்தினாள்.

"என்னடி, ஓடிவந்தியா? மூச்சு வாங்குது."

"இல்லக்கா. நடந்துதான் வந்தேன்."

"நாளைக்கு மாவட்ட அலுவலகம் போற வண்டியில ஏறிடும். மேசையில கெடக்காது, நான் பாத்துக்கறேன்."

"சரிக்கா."

வெளியே வந்து படியில் உட்கார்ந்தாள். வேலை நேரத்தில் அவள் அப்படி உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. ஆற்றுப் பக்கமிருந்து காற்று வந்தது. உள்ளே முத்திரை குத்துகிற சத்தம் வேறு யாருடைய காகிதத்துக்கோ கேட்டது. நான்காம் படிவத்துக்கு மணி அடிக்க இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. அந்தப் பத்து நிமிஷமும் அவள் எழுந்திருக்கவில்லை.